சிறு விமானத்தின் டிராஃபிக் திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமம் எடுத்தவர்களும் எடுத்துக்கொண்டிருப்பவர்களும் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: ஐபேடிலோ பேனலிலோ குட்டிக் குட்டி அம்புகள் நகர்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு விமானம், ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விதிகளும் அலைவரிசைகளும் அமெரிக்காவுக்கானவை, ஐரோப்பாவுக்கென்று பின்னால் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

இந்த அம்புகள் எங்கிருந்து வருகின்றன? என் செஸ்னாவில் ரேடார் கிடையாதே?

கிடையாது, தேவையும் இல்லை. பெரும்பாலான அம்புகள் அந்தந்த விமானமே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதால் வருகின்றன. ஏடிஎஸ்-பி அவுட் பொருத்திய விமானம் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்து, அதோடு உயரம், வேகம், போகும் திசை, அடையாளம் எல்லாவற்றையும் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பதற்கான ரிசீவர்தான் ஏடிஎஸ்-பி இன். அது உங்களிடம் இருந்தால், வந்த செய்தியை உங்கள் இடத்தோடு ஒப்பிட்டுத் திரையில் வைத்துவிடும்.

இரண்டாவது வழி தரையிலிருந்து. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்ட தரை நிலையங்களை வைத்திருக்கிறது. ஏடிஎஸ்-பி இல்லாத, ஆனால் டிரான்ஸ்பாண்டர் (ரேடாரின் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி) உள்ள ஒரு விமானத்தை ரேடார் பார்த்தால் அந்தத் தகவலை இந்த நிலையங்கள் மேலே அனுப்பும். இதற்கு டிஐஎஸ்-பி என்று பெயர்.

மூன்றாவது, கொஞ்சம் விலை கூடிய விமானங்களில் இருக்கும் டாஸ். உங்கள் விமானமே 1030 மெகாஹெர்ட்ஸில் சுற்றியுள்ள டிரான்ஸ்பாண்டர்களைக் கேள்வி கேட்டு, 1090-ல் வரும் பதிலை வைத்து தூரத்தையும் திசையையும் கணிக்கும். தரை நிலையமே எட்டாத மலைப்பகுதியிலும் வேலை செய்யும் என்பது இதன் பெரிய பலம். திசையை ஆன்டெனாவை வைத்துக் கணிப்பதால் அதில் மட்டும் ஏடிஎஸ்-பி அளவு துல்லியம் இருக்காது.

மூன்று வழியில் வந்ததும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். எது நொடிக்கு நொடி புதிதாக வருவது, எது சில நொடி பழையது என்று பல திரைகளில் பார்த்தவுடன் தெரியாது. கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு இதுதான் வேர்.

2020-லிருந்து ஏடிஎஸ்-பி கட்டாயம் ஆயிற்றே, அப்புறம் எல்லா விமானமும் தெரிய வேண்டாமா?

இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2020 ஜனவரி 1-லிருந்து கட்டாயம் என்பது சரி, ஆனால் குறிப்பிட்ட வான்பரப்புகளில் மட்டும். கிளாஸ் ஏ, பி, சி (ஏ என்பது மிக உயரத்தில், பி, சி பெரிய விமான நிலையங்களைச் சுற்றி). பி, சி இரண்டின் தலைக்கு மேலே 10,000 அடி வரை. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 நாட்டிகல் மைல் வட்டம். பொதுவாக 10,000 அடிக்கு மேலே (தரையிலிருந்து 2,500 அடிக்குள் இருந்தால் அதற்கு விலக்கு). மெக்சிகோ வளைகுடாக் கரையை ஒட்டி 3,000 அடிக்கு மேலே. சுருக்கமாக இவ்வளவுதான். இந்த எல்லைகளுக்கு வெளியே, ஒரு சின்ன ஊரின் டவர் இல்லாத விமான நிலையத்தில், பக்கத்து வயலுக்கு மேலே 1,500 அடியில் பறப்பவருக்கு ஏடிஎஸ்-பி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாம் வார இறுதியில் பறப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அந்த எல்லைக்குள்ளேயும் விலக்கு உண்டு. கிளைடர், பலூன், என்ஜின் சுழற்றும் மின்னமைப்பு இல்லாமலே சான்றிதழ் பெற்ற பழைய விமானங்கள் ஆகியவை அந்த 30 மைல் வட்டத்துக்குள் பி, சி வான்பரப்பைத் தொடாமல் பறக்கலாம். பைப்பர் ஜே-3 கப் போன்ற மஞ்சள் நிறப் பழைய விமானம் ஒன்று உங்களுக்குக் குறுக்கே போனால், அதில் டிரான்ஸ்பாண்டரும் இல்லையென்றால், திரையில் ஒரு புள்ளிகூட வராது. டாஸ் இருந்தாலும் வராது, ஏனென்றால் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே கருவியே இல்லை. பாராசூட்டில் குதிப்பவர்கள், பறவைகள், பெரும்பாலான ட்ரோன்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆகவே காலியான திரைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: ஒலிபரப்பிக்கொண்டும் உங்கள் ரிசீவருக்கு எட்டிக்கொண்டும் இருக்கும் விமானம் பக்கத்தில் இல்லை. வானம் காலி என்று அது சொல்லவில்லை.

978, 1090 என்று இரண்டு எண் சொல்கிறார்களே, அது என்ன?

ஒலிபரப்பும் அலைவரிசைகள், மெகாஹெர்ட்ஸில். உலகம் முழுக்க 1090. அமெரிக்காவில் மட்டும், 18,000 அடிக்குக் கீழே பறப்பவர்கள் 978-ஐயும் பயன்படுத்தலாம். அதற்கு யூஏடி என்று பெயர். வானிலைத் தகவல் இலவசமாக வருவது 978-ல்தான், அதனால் சிறு விமானக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள்.

978-ல் பேசுபவரை 1090 மட்டும் கேட்கும் ரிசீவர் கேட்காது, அந்தப் பக்கத்திலிருந்தும் அப்படியே. இதைச் சரிக்கட்ட, தரை நிலையம் ஒன்றில் வந்ததை மற்றதில் திரும்ப ஒலிபரப்புகிறது, ஏடிஎஸ்-ஆர் என்பது அதுதான். ஆனால் அதற்குத் தரை நிலையத்தின் எட்டுகைக்குள் இருக்க வேண்டும். ஒற்றை அலைவரிசை ரிசீவர் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இரண்டையும் கேட்பதை வாங்குங்கள்.

ஐபேடுக்கு ஒரு கையடக்க ரிசீவர் வாங்கி கண்ணாடி ஓரமாக வைத்துவிட்டேன். விமானத்தில் ஏடிஎஸ்-பி அவுட் இல்லை. இது போதாதா?

வானிலைக்குப் போதும். டிராஃபிக்குக்குப் போதாது, காரணம் பலருக்கும் தெரிவதில்லை.

தரை நிலையம் டிஐஎஸ்-பி தகவலை எல்லோருக்கும் பொதுவாகக் கொட்டுவதில்லை. ஏடிஎஸ்-பி அவுட் உள்ள விமானத்துக்காக மட்டும், அந்த விமானத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றியுள்ள டிராஃபிக்கை மட்டும் அனுப்புகிறது. டிஐஎஸ்-பிக்கு அந்த வட்டத்தின் ஆரம் 15 நாட்டிகல் மைல், மேலும் கீழும் 3,500 அடி. ஏடிஎஸ்-ஆருக்கு அதே 15 மைல், மேலும் கீழும் 5,000 அடி. கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி அகலமாகவும் தட்டையாகவும் ஒரு வட்டு, அதன் மையத்தில் அந்த விமானம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விமானம் ஒலிபரப்பவில்லை என்றால் உங்களுக்கென்று வட்டு கிடையாது. அப்படியும் திரையில் ஏராளமான விமானங்கள் தெரியுமே என்றால், தெரியும். நேரடியாக ஒலிபரப்புபவை தெரியும். கூடவே, 20 மைல் தள்ளிப் பறக்கும் யாரோ ஒருவருக்காக அனுப்பப்படுவதும் உங்கள் ரிசீவரின் காதில் விழும். அவரைச் சுற்றியுள்ள விமானங்கள் உங்கள் திரையில் வரிசையாக நிற்கும். உங்களுக்கு ஒரு மைலில், அவருடைய வட்டுக்கு வெளியே, ஏடிஎஸ்-பி இல்லாத ஒரு பைப்பர் வரும், அது வராது. திரை வெறுமையாக இருந்தாலாவது சந்தேகம் வரும். நிறைய அம்புகளோடு இருக்கும் திரை எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்ப வைத்துவிடுகிறது.

அவுட் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஒலிபரப்பில் 'என்னிடம் ரிசீவர் இருக்கிறது, இந்த அலைவரிசையில் கேட்பேன்' என்ற தகவலும் போகிறது, அதைப் பார்த்துத்தான் தரை நிலையம் உங்களுக்கு வட்டு போடுகிறது. கருவியைப் பொருத்தும்போது அந்த அமைப்பை மெக்கானிக் போடாமல் விட்டிருந்தால், கையில் நல்ல ரிசீவர் இருந்தும் உங்களுக்காக எதுவும் வராது. பொருத்தியவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அம்பு, டைமண்ட், மஞ்சள் வட்டம். எதற்கு என்ன அர்த்தம்?

பெரிய விமானங்களில் இருக்கும் மோதல் தவிர்ப்பு அமைப்பான டிகாஸின் திரையிலிருந்து வந்த மரபு இது. உள்ளே வெற்றாக இருக்கும் டைமண்ட் தூரத்து விமானம். நிரப்பப்பட்ட டைமண்ட் அருகில் இருப்பது. டிகாஸ் கணக்கில் 6 நாட்டிகல் மைலுக்குள், உயர வித்தியாசம் 1,200 அடிக்குள். மஞ்சள் நிறைவட்டம் எச்சரிக்கை. சிவப்புச் சதுரம் 'இப்போதே ஏறு அல்லது இறங்கு' என்று கட்டளை இடும் டிகாஸ் 2-க்கு உரியது, நம் சிறு விமானத் திரைகளில் வராது.

ஏடிஎஸ்-பி திரையில் போகும் திசை தெரிவதால் டைமண்டுக்குப் பதில் அம்புமுனை வரும். திசை தெரியாதவை மட்டும் டைமண்டாகவே நிற்கும். தரையில் நிற்பவற்றைப் பல திரைகள் பழுப்பு நிறத்தில் காட்டும். நிறமும் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் கருவியின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது தரையில் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் எண்தான் முக்கியம். ஓர் அம்புக்குக் கீழே −04 என்றும் அதன் ஓரத்தில் மேல்நோக்கிய சிறு அம்பும் இருந்தால், அவர் உங்களுக்கு 400 அடி கீழே இருக்கிறார், நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கிறார். அதாவது ஒரு நிமிடத்துக்குள் உங்கள் உயரத்துக்கு வந்துவிடுவார். இதே −04 மேலம்பு இல்லாமல் இருந்தால் அவ்வளவு கவலை இல்லை. நான் முதலில் பார்ப்பது அந்தச் சிறு அம்பைத்தான், அப்புறம்தான் தூரம். எண்ணே இல்லாமல் ஒரு விமானம் தெரிந்தால், உயரம் தெரியாது என்று அர்த்தம். அதை உங்கள் உயரத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

+03 என்றால் உண்மையிலேயே 300 அடி மேலேயா?

இரண்டு பேரின் உயரமும் ஒரே மாதிரி அளக்கப்பட்டிருந்தால், ஆமாம். டிரான்ஸ்பாண்டர் அனுப்புவது அழுத்த உயரம், அதாவது 29.92 அங்குலப் பாதரச அழுத்தத்தை அடிப்படையாக வைத்த உயரம். உங்கள் ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) எந்த எண்ணைத் திருகி வைத்திருந்தாலும் அனுப்பப்படும் உயரம் மாறாது, அதனால் இரண்டு பேரையும் ஒப்பிடலாம்.

கையடக்க அமைப்பில்தான் சிக்கல். உங்கள் சொந்த அழுத்த உயரம் ஐபேடுக்குத் தெரியாவிட்டால் சில அமைப்புகள் ஜிபிஎஸ் உயரத்தை எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் காற்று விரிந்து நிற்பதால் இரண்டும் நன்றாகவே விலகும். பத்து டிகிரி கூடுதல் வெப்பத்துக்கு உயரத்தில் சுமார் 4 சதவீதம் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 8,000 அடியில், வழக்கத்தைவிட 20 டிகிரி கூடுதல் வெப்பத்தில், ஜிபிஎஸ் கிட்டத்தட்ட 8,600 காட்டும். உங்கள் மூக்குக்கு நேரே, சரியாக உங்கள் உயரத்தில் வருபவர் திரையில் −06 என்று தெரிவார். 600 அடி கீழேதானே போகிறார் என்று விட்டுவிடுவீர்கள். சில ரிசீவர்களுக்குள்ளேயே அழுத்த உணரி இருக்கிறது, அதுவும் அழுத்தம் ஏற்றிய கேபினுக்குள் வைத்தால் கேபினின் உயரத்தைத்தான் சொல்லும். உங்களுடையது எதை எடுத்துக்கொள்கிறது என்று ஒரு தடவை ஆல்டிமீட்டரில் 29.92 வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்புக்கு முன்னால் நீளும் கோடு எதற்கு?

அடுத்த அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அவர் எங்கே இருப்பார் என்பது. இதில் இரண்டு வகை. ஒன்று, தரையைப் பொறுத்து அவர் போகும் பாதை. மற்றது, உங்களைப் பொறுத்து அவர் நகரும் பாதை. கார்மின் கம்பெனியின் திரைகளில் இந்த இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அந்தக் கோடு உங்கள் விமானத்தின் படத்தை நோக்கி நேராக வந்தால் மோதல் பாதை, விலகிப் போனால் கவலை வேண்டாம், வேறு கணக்கே தேவையில்லை. தரைப் பாதைக் கோட்டில் இரண்டு கோடுகள் வெட்டினாலும், இரண்டு பேரும் அந்த இடத்துக்கு ஒரே நேரத்தில் வருவார்களா என்று நீங்கள்தான் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எந்த வகை வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் பார்ப்பதுதான் மோசம். வாடகை விமானத்தில் முந்தைய ஆள் மாற்றி வைத்திருக்கலாம்.

திரையில் இரண்டு மணித் திசையில் இருக்கிறது, வெளியே அங்கே பார்த்தால் ஒன்றுமே இல்லையே?

பக்கக் காற்று இருந்ததா? படம் பெரும்பாலும் நீங்கள் நகரும் பாதையை மேலாக வைத்து வரையப்படுகிறது, நீங்கள் வெளியே பார்ப்பதோ மூக்கை வைத்து. 100 நாட் (மணிக்கு 100 நாட்டிகல் மைல்) வேகத்தில் இடது பக்கத்திலிருந்து 26 நாட் காற்று அடித்தால் மூக்கை 15 டிகிரி இடதுபுறம் திருப்பி வைத்துத்தான் நேராகப் போக முடியும். அப்போது திரையில் இரண்டு மணியில் இருப்பவர் கண்ணாடியில் இரண்டரை மணியில், இறக்கையின் தாங்குகம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பார். கட்டுப்பாட்டாளர் ரேடியோவில் சொல்லும் மணிக்கணக்கும் உங்கள் பாதையை வைத்துத்தான். அதனால் காற்றைப் பொறுத்து, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளித் தேடுங்கள்.

தேடியும் தெரியாவிட்டால் இறக்கையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். மேலிறக்கை விமானத்தில் ஏறும்போது மேலேயும், தாழிறக்கை விமானத்தில் இறங்கும்போது கீழேயும் மறைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பறக்கும்போது மறந்துபோகிறது.

என்னோடு ஒட்டிக்கொண்டே ஒரு விமானம் வருகிறது. திரும்பினால் அதுவும் திரும்புகிறது!

பெரும்பாலும் நீங்களேதான். உங்கள் விமானத்தை ரேடாரும் பார்க்கிறது, ஏடிஎஸ்-பியும் சொல்கிறது. இரண்டும் ஒரே விமானம் என்று தரைக் கணினி சேர்த்துப் பார்க்காத சமயங்களில், ரேடார் பார்த்த 'உங்களை' டிஐஎஸ்-பி வேறு ஆளாக அனுப்பிவைக்கும். திரும்பும்போது இது அதிகம், ஏனென்றால் ரேடார் படம் சில நொடி பின்தங்கி வருகிறது. கையடக்க ரிசீவரில் இன்னொரு காரணமும் உண்டு: உங்கள் விமானத்தின் அடையாளக் குறியீட்டை ஆப்பில் பதிவு செய்யாவிட்டால் உங்கள் ஒலிபரப்பையே அடுத்தவர் என்று காட்டிவிடும். பதிவு செய்தால் இது போய்விடும்.

உயரமும் இடமும் உங்களோடு ஒன்றாக, எப்போதும் சற்றுப் பின்னால் வந்தால் நிழல் என்று சொல்லலாம். இருந்தாலும் முதல் தடவை வரும்போது எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நிழல் என்று முடிவு கட்டுங்கள்.

ஒரு விமானம் தாவித் தாவி நகர்கிறது, சில சமயம் மறைந்தே போகிறது. ரிசீவர் கெட்டுவிட்டதா?

தாவினால் அது டிஐஎஸ்-பியாக இருக்கும். ரேடாரைப் பொறுத்து 3-லிருந்து 13 நொடிக்கு ஒரு தடவைதான் புது இடம் வரும். இரண்டு செஸ்னா 172 எதிரெதிரே 110 நாட் வேகத்தில் வந்தால் நெருங்கும் வேகம் 220 நாட். 12 நொடியில் முக்கால் மைல் கரைந்துவிடும். படத்தில் ஒன்றரை மைலில் நிற்பவர் நிஜத்தில் முக்கால் மைலில் இருக்கலாம்.

மறைந்துபோவதற்கு வேறு காரணம். கையடக்க ரிசீவரின் ஆன்டெனாவுக்கும் அந்த விமானத்துக்கும் நடுவே உங்கள் என்ஜினோ, விமானத்தின் உடலோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரோ வந்தால் சிக்னல் தடைப்படும். அவருடைய ஆன்டெனா வயிற்றுப் பக்கம் இருந்து நீங்கள் அவருக்கு மேலே இருந்தாலும் அப்படித்தான். தாழ்வாகப் பறக்கும்போது தரை நிலையம் எட்டாமல் போவதும் உண்டு. மறைந்த விமானம் போய்விட்டதாக நினைக்காமல், கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து மனதில் ஓட்டிக்கொண்டே இருங்கள்.

எச்சரிக்கைக் குரல் வரும்வரை காத்திருந்தால் போதுமா?

போதாது. குரல் எச்சரிக்கை தரும் அமைப்புகள் நல்லவைதான், 'டிராஃபிக், இரண்டு மணி, மேலே, இரண்டு மைல்' என்று காதில் விழுந்தால் தலையைக் குனியாமலே தேடலாம். வாங்க முடிந்தவர்கள் ஹெட்செட்டில் குரல் வரும்படி இணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குரல் பல நிபந்தனைகளைத் தாண்டித்தான் வருகிறது, அதில் ஒன்று விட்டுப்போனாலும் வராது. 2019 மே 13-ல் அலாஸ்காவில் கெட்சிகன் அருகே நடந்ததைப் பாருங்கள். கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்த இரண்டு மிதவை விமானங்கள், ஒன்று டிஹாவிலண்ட் பீவர், மற்றது ஆட்டர், சுமார் 3,350 அடியில் மோதின. 16 பேரில் 6 பேர் இறந்தார்கள். இரண்டிலும் டிராஃபிக் காட்டும் வசதி இருந்தது. ஆட்டரில் முன்பு இருந்த அமைப்பு குரலில் எச்சரிக்கும், மேம்படுத்தியபோது அந்த வசதி போய்விட்டது. பீவர் விமானியின் டேப்லெட் ஆப் எச்சரித்திருக்கலாம், ஆனால் ஆட்டரிலிருந்து அழுத்த உயரம் ஒலிபரப்பாகவில்லை, உயரம் இல்லாத விமானத்துக்கு அந்த ஆப் எச்சரிக்கை தராது. ஆட்டரில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆஃப் நிலையில் இருந்ததுதான் காரணம். விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ணால் பார்த்துத் தவிர்ப்பதன் இயல்பான வரம்புகளையும், இரண்டு விமானங்களிலும் எச்சரிக்கை வராததையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது.

விமானம் ஏறுவதற்கு முன் செய்யும் சோதனையில் 'உயரம் ஒலிபரப்பாகிறதா' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள அரை நிமிடம் ஆகாது. உங்கள் செக்லிஸ்டில் அந்த வரி இல்லை என்றால் பேனாவால் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

பெரிய விமானத்தின் டிகாஸ்கூட எப்போதும் காப்பாற்றாது. 2025 ஜனவரி 29-ல் வாஷிங்டனில் பயணிகள் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்த விபத்தில், சுமார் 20 நொடிக்கு முன்னால் ஜெட்டின் காக்பிட்டில் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று குரல் வந்தது. ஏறு, இறங்கு என்ற கட்டளை மட்டும் வரவில்லை, ஏனென்றால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அந்தக் கட்டளைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் திரையைப் பார்த்தே விலகித் திரும்பலாமா?

படத்தை மட்டும் நம்பித் திரும்புவதற்காக இது வடிவமைக்கப்படவில்லை. டிஐஎஸ்-பி மோதல் தவிர்ப்புக் கருவி அல்ல என்றும், பார்த்துத் தவிர்க்கும் பொறுப்பு விமானியுடையதே என்றும் எஃப்ஏஏ தெளிவாக எழுதியிருக்கிறது. நடைமுறையில் நான் சொல்வது: அவர் பத்து மைலில் இருக்கும்போது உங்கள் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றுவது, ஓர் 500 அடி வித்தியாசம் ஏற்படுத்திக்கொள்வது, ரேடியோவில் கேட்பது எல்லாம் நல்ல பழக்கம். ஒரு மைலுக்குள் வந்தபின் கண்ணில் படாத விமானத்துக்காகச் சட்டென்று திரும்புவது வேறு. படம் பழையதாக இருக்கலாம், திசை பிசகியிருக்கலாம், நீங்கள் திரும்பும் பக்கத்தில் திரையில் வராத இன்னொருவர் இருக்கலாம்.

கட்டுப்பாட்டாளர் 'டிராஃபிக் தெரிகிறதா' என்று கேட்டால், ஐபேடில் தெரிகிறது என்று சொல்லலாமா?

கூடாது. அவர் கேட்பது கண்ணால் பார்த்தீர்களா என்று. 'டிராஃபிக் இன் சைட்' என்று நீங்கள் சொன்னதும் விலகி இருக்கும் பொறுப்பை அவர் உங்களிடம் ஒப்படைக்கலாம். கண்ணில் படவில்லை என்றால் 'நெகட்டிவ் கான்டாக்ட்' என்றோ 'லுக்கிங்' என்றோ சொல்லுங்கள். திரையில் இருப்பதைச் சொன்னால் அவருக்கு ஒரு பயனும் இல்லை, அவர் திரையிலும் அதுதான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கலாம்?

இரண்டு நொடி, அதற்கு மேல் வேண்டாம். பார்த்து, திசையும் உயரமும் எடுத்துக்கொண்டு, வெளியே போய்விடுங்கள். திரையின் உண்மையான மதிப்பு எங்கே தேடுவது என்று சொல்வதில்தான் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து தேடுவது, தெரியாமல் தேடுவதைவிட எட்டு மடங்கு பயன்தரும் என்று 1991-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வறிக்கை ஒன்று சொல்கிறது. அந்த எட்டு மடங்கைப் பெறுவதற்குத் தலை வெளியே இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. ஒரு விமானத்தைக் கண்டு, அது விமானம் என்று புரிந்து, மோதல் பாதையில் வருகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு எஃப்ஏஏ கணக்கில் 12.5 நொடி ஆகிறது. எதிரெதிரே 220 நாட் வேகத்தில் நெருங்கும் இரண்டு செஸ்னாக்கள் ஒரு மைலைக் கடக்க 16 நொடி. மிச்சம் நான்கு நொடிகூட இல்லை. மோதல் பாதையில் வருபவர் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்பார், அதனால் கண் அவரைப் பிடிப்பதும் கஷ்டம்.

படத்தின் அளவையும் கவனியுங்கள். பயணத்தில் 6 அல்லது 12 மைல் வட்டம், விமான நிலையத்தை நெருங்கும்போது 2 மைல். 40 மைல் படத்தில் ஆயிரம் அம்புகளைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உயர வடிகட்டியை (எவ்வளவு மேலே, கீழே இருப்பவர்களைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பை) ஏறும்போது மேல்பக்கமும் இறங்கும்போது கீழ்ப்பக்கமும் விரித்து வையுங்கள். பேட்டர்னுக்குள் (இறங்குவதற்காக விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கும் பாதைக்குள்) நுழைந்துவிட்டால் ஐபேடை மறந்துவிடுங்கள் என்றே சொல்வேன். அங்கே எல்லோரும் அருகில்தான், எல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கும், ரேடியோவும் ஜன்னலும்தான் வேலை செய்யும்.

கருவி இருந்தும் மோதியவர்கள் உண்டா?

கெட்சிகனுக்கு முன்பே உண்டு. 2009 ஆகஸ்ட் 8, நியூயார்க் ஹட்சன் ஆற்றுக்கு மேலே ஒரு பைப்பர் விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேரும் இறந்தார்கள். இரண்டிலும் ரேடார் தகவலைத் தரையிலிருந்து அனுப்பும் அப்போதைய டிஐஎஸ் வழியாக டிராஃபிக் தகவல் பெறும் கருவி இருந்தது. கட்டுப்பாட்டாளரின் கவனம் வேறு தொலைபேசிப் பேச்சில் இருந்தது, ஹெலிகாப்டர் கடைசி சில நொடிகள் வரை பைப்பர் விமானியின் கண்ணில் படுவதே கடினமாக இருந்தது என்றெல்லாம் விசாரணையில் வந்தது. அதோடு, கையில் இருந்த மின்னணுத் தகவலை இரு விமானிகளும் சரியாகப் பயன்படுத்தாததையும் வாரியம் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. குறுகலான, கூட்டமான இடத்தில் திரை அடிக்கடி கத்தும், கத்தக் கத்த மனம் அதைக் கேட்காமல் விட்டுவிடும். அதற்காகத்தான் வடிகட்டியும் பட அளவும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ஐரோப்பாவில் ஃபிளார்ம் என்கிறார்களே?

2004-ல் சுவிட்சர்லாந்தில் கிளைடர்களுக்காக வந்த மோதல் எச்சரிக்கைக் கருவி அது. ஏடிஎஸ்-பியைவிட எட்டும் தூரம் குறைவு, சில கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு கருவியும் தன் அடுத்த சில நொடிப் பாதையைக் கணித்து ஒலிபரப்பி, மோதும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே கத்தும். மேலெழும் ஒரே வெப்பக்காற்றில் ஐந்து கிளைடர்கள் சுற்றும்போது வேறு எந்த அமைப்பும் இவ்வளவு நிதானமாக இருக்காது. அங்கே இது 868 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுவதால் வெறும் ஏடிஎஸ்-பி ரிசீவருக்குக் கேட்காது. பவர்ஃபிளார்ம் போன்றவை இரண்டையும் கேட்கும். வெறும் டிரான்ஸ்பாண்டர் மட்டும் உள்ள விமானத்தைத் திசை தெரியாமல், உங்களைச் சுற்றி ஒரு வட்டமாகக் காட்டும். வட்டம் சுருங்கினால் நெருங்குகிறார்.

கைபேசியில் விமானங்களைப் பின்தொடரும் ஆப் இருக்கிறதே, பறக்கும்போது அதைப் பார்த்தால்?

வேண்டாம். அது இணையம் வழியாகச் சுற்றி வருகிறது, தாமதம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது, உயரத்தில் சிக்னல் போய்ப் போய் வரும். தரையில் உட்கார்ந்து பார்க்க அருமையான பொருள்.

நான் மற்றவர்களுக்குச் சரியாகத் தெரிகிறேனா என்று எப்படிச் சோதிப்பது?

இதை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். எஃப்ஏஏ இணையதளத்தில் பொது ஏடிஎஸ்-பி செயல்திறன் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தரை நிலையங்கள் நன்றாக எட்டும் பகுதியில் ஓர் அரை மணி நேரமாவது பறந்துவிட்டு, விமானத்தின் பதிவு எண்ணையும் பறந்த தேதியையும் கொடுத்தால் அறிக்கை மின்னஞ்சலில் வரும். சிவப்பில் இருப்பவைதான் கவனிக்க வேண்டியவை. அடையாளக் குறியீடு தவறு, விமான வகை தவறு, அழுத்த உயரம் விட்டுவிட்டு வருவது, பறக்கும்போது தரையில் இருப்பதாகச் சொல்வது போன்றவை இதில் மாட்டும். புதிதாகப் பொருத்தியபின் ஒரு தடவை, ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பட்டறையில் ஏதாவது வேலை நடந்தபின் ஒவ்வொரு தடவையும், வாடகை விமானம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நீங்களே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சிவப்பு இருந்தால் அந்தத் தாளை அப்படியே பட்டறையில் நீட்டுங்கள், எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்கு அதுவே சொல்லிவிடும்.